மண்வெட்டியைத் தொடும் முன்

கேப்பர் மலைச் செம்மண்
ஆறு மணிக்கு இன்னும் குளிர்ந்து கிடக்கிறது.
மண்வெட்டி சுவரில் சாய்ந்து நிற்கிறது.
அதற்கென்ன, காம்பு முறிந்தால்
நூற்றிருபது ரூபாய்க்கு வேறு காம்பு.

கழுத்து முதலில்.
இடது தோளைப் பார்க்கிறேன், வலது தோளைப் பார்க்கிறேன்,
யாரோ கடன் கேட்டதுபோல் நிதானமாக
இல்லை, இல்லை என்கிறேன்.
பிறகு வானம், பிறகு கால் பெருவிரல்.
உள்ளே எங்கோ
வறுத்த கடலை உடைபடும் சத்தம்.

தோள்கள். முன்னே ஐந்து, பின்னே ஐந்து.
மஞ்சக்குப்பம் கோர்ட்டில் இருபத்தாறு வருடம்
அடுத்தவர் வழக்கைத் தட்டச்சு செய்த தோள்கள்.
வாதி ஒரு முடிச்சாய், பிரதிவாதி ஒரு முடிச்சாய்
இன்னும் ராசியாகாமல்
கழுத்தடியில் கிடக்கிறார்கள்.

மணிக்கட்டைச் சுழற்றும்போது
மாடியிலிருந்து பாவாடைசாமி எட்டிப் பார்க்கிறார்,
டவுன் பஸ் கண்டக்டர், வாயில் பிரஷ்ஷோடு.
"என்ன மங்கை, எந்தச் சாமிக்கு வேண்டுதல்?"
இடுப்புச் சாமிக்கு என்றேன்.
சில்லறை இல்லாத ஒரு சிரிப்பு சிரித்தார்.

அவருக்குத் தெரியும்.
தானே புயலுக்கு மறுநாள்
வேரோடு சாய்ந்த பலாவின் கிளையை
படுக்கையிலிருந்து எழுந்த சூட்டோடு
ஒரே மூச்சில் இழுத்தவள் நான்.
டப் என்றது. கிளை அல்ல.
பதினெட்டு நாள் பாயில் கிடந்து
கரண்ட் இல்லாத மின்விசிறியின் இறக்கைகளை
எண்ணிக்கொண்டிருந்தேன்.
எந்தப் பக்கத்திலிருந்து எண்ணினாலும் மூன்று.

அரசு மருத்துவமனையில் நிலோஃபர் என்றொரு பெண்
மருந்துச் சீட்டின் பின்பக்கம்
குச்சி குச்சியாய் ஆறு மனிதர்களை வரைந்து தந்தாள்.
"வலிக்கிற இடம் வரைக்கும் போகாதீங்க அக்கா,
ஒரு ஸ்டாப் முன்னாடியே இறங்கிடுங்க."
அரிசி டின் மூடிக்குள் ஒட்டி வைத்திருக்கிறேன்.
ஆறில் ஒருவருக்குத் தலை வரைய மறந்துவிட்டாள்.
சில காலைகளில் அவர்தான் எனக்கு நெருக்கம்.

இப்போது இடுப்பு.
அடிப்பிடிக்காமல் உப்புமா கிளறுவதுபோல்
அகலமாய், அவசரமில்லாமல்.
முழங்கால் மடக்கி, நிமிர்ந்து, மடக்கி.
உட்காரத்தான் போகிறாள் என்று
சுண்டைச் செடியடியில் படுத்திருந்த பூனை
எழுந்து இடம் விட்டது.
குதிகால் தூக்கும்போது கொய்யாவைப் பிடித்துக்கொள்வேன்.
மரப்பட்டை ஒரு துண்டு
உள்ளங்கையோடு வந்துவிடும்.

நேற்று சாயங்காலமே பாத்திக்கு
நாலு குடம் ஊற்றி வைத்தேன்,
இளகினால்தான் வெட்டு விழும் என்று.
மண்ணுக்குத் தெரிந்து செய்ததை
முதுகுக்குச் செய்ய
எனக்கு ஒரு புயல் தேவைப்பட்டிருக்கிறது.

மதில்மேல் ஓணான்.
தண்டால் எடுக்கிறது என்போம் பள்ளிக்கூட நாளில்.
இன்று அது ஒன்றுமே எடுக்கவில்லை.
கிழக்கே முதுகைக் கொடுத்து
வெயில் உள்ளே இறங்கக் காத்திருக்கிறது.
மூக்கருகே ஓர் எறும்பு போகிறது.
போகட்டும் என்று இருக்கிறது.

ஏழு நிமிடம். வேர்வை இல்லை,
விரல்நுனியில் மட்டும் ஒரு சூடு.
காம்பைப் பிடிக்கிறேன்.
முதல் வெட்டு முழங்கால் உயரத்திலிருந்து,
செல்லமாய், எழுப்புவதுபோல்.
நாலாவது வெட்டுக்குத்தான்
மண்ணும் நானும் ஒரே வேகத்துக்கு வந்தோம்.

கத்தரி நட இரண்டு பாத்தி என்று கணக்குப் போட்டிருந்தேன்.
நிமிர்ந்தபோது மாடியில் பாவாடைசாமி,
காக்கிச் சட்டைக்குப் பித்தான் போட்டபடி,
யாரும் பார்க்கவில்லை என்று
கழுத்தை இடமும் வலமுமாய்த் திருப்பிப் பார்க்கிறார்.
கடலை உடைந்ததா, கீழே கேட்கவில்லை.

அரைப் பாத்தி பாக்கி.
கோர்ட்டுக்கு நேரமாகிறது.